ரூபாய்க்குக் காலணா: எங்க ஊருக்கு ரயில் வந்த கணக்கு

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். ஆனா இந்தத் தடவை அந்த ஆணியே ஒரு பதிவுக்கு மேட்டர் எடுத்துக் கொடுத்துடுச்சு. கொஞ்சம் நீளமான பதிவு, டீ, காபி ஏதாவது பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிங்க.

நான் பொட்டி தட்டுறது லாஜிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர்ல. எந்தக் குடோன்லேர்ந்து எந்தக் கடைக்கு, எந்த லாரியில, எப்ப சரக்கு போகணும்னு கணக்குப் போட்டுச் சொல்ற ப்ரோக்ராம். போன வருஷம் ஒரு க்ளையன்ட்டுக்கு "போக்குவரத்துச் செலவைக் குறைச்சுக் காட்டு"ன்னு சொன்னாங்க. நானும் குறைச்சேன். அரை லோடோட ஓடிட்டிருந்த லாரியை எல்லாம் நிறுத்தி, நிறைஞ்சாதான் வண்டி கிளம்பும்னு ஒரு விதியைப் போட்டேன். முதல் மாச ரிப்போர்ட்ல டீசல் செலவு, வாடகை எல்லாம் நல்லா இறங்கிடுச்சு. கைதட்டல்தான், கேக்குதான்.

மூணாவது மாசம் கதை கந்தல். லாரி நிறையட்டும்னு சரக்கு குடோன்லயே காத்துக் கிடக்க, கடையில சரக்கு இல்லாம வாடிக்கையாளர் திரும்பிப் போறாங்க. நிறைஞ்ச லாரி எல்லாம் ஒரே நேரத்துல போய் நிக்கறதால இறக்குறதுக்கு ஆள் பத்தலை, ஓவர்டைம். பிஸ்கட்டு, பிரெட்டெல்லாம் தேதி முடிஞ்சு திரும்பி வருது. எங்க மேனேஜர் கூப்பிட்டு ஒரே ஒரு வரி சொன்னார்: "தம்பி, நீ செலவைக் குறைக்கலை. ஒரு கட்டத்துலேர்ந்து இன்னொரு கட்டத்துக்கு மாத்தி எழுதியிருக்கே."

அந்த வரி மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தப்பதான் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன்.

ஊர் பட்டுக்கோட்டைக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவுல ஒரு கிராமம். அப்பாவுக்குத் தேங்காய் யாவாரம். தாத்தா காலத்துல கருவாடு. அதிரையில ஒரு மரைக்காயர் வீட்டோட கூட்டு. "பாய் வீட்டு யாவாரம்"னுதான் எங்க ஊர்ல சொல்லுவாங்க. அப்பாவோட அதிரைக்குப் போனப்ப ஸ்டேஷன் பக்கம் நடந்தோம். ஆபீஸ்ல வாங்கின திட்டை அப்பாகிட்ட புலம்பினேன். அவர் தண்டவாளத்தைக் காட்டி, "இந்த லைன் யாரு காசுல போட்டது தெரியுமாடா?"ன்னார்.

"வெள்ளைக்காரன் போட்டது."

"போட்டது அவன். காசு நம்மளுது. உங்க தாத்தாவுக்குத் தாத்தா கட்டின கிஸ்தியில காலணா காலணாவா எடுத்தது."

சும்மா அடிச்சு விடுறாருன்னு நெனச்சேன். அப்புறம் தேடிப் படிச்சா, மனுஷன் சொன்னது அத்தனையும் நிஜம். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

*

முதல்ல ரயிலே இல்லாத காலத்துக்குப் போவோம். (கொசுவத்தியை நல்லா சுத்திக்குங்க.)

தஞ்சாவூர் ஜில்லாவோட வடக்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் நெல்லு. காவிரி, வெண்ணாறு, அரசலாறுன்னு ஆறா ஓடி வெளையற பூமி. தெற்கே எங்க பட்டுக்கோட்டை தாலுகா அன்னிக்கு அப்படி இல்லை, வானம் பார்த்த பூமி. கடலோரத்துல அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை. அங்க உப்பளம், மீன், கருவாடு, இலங்கைப் பக்கம் போய்வர்ற தோணிகள். ஆக வடக்கே நெல்லு, தெற்கே உப்பும் மீனும். ரெண்டு பக்கத்துக்கும் ஒருத்தர் சரக்கு இன்னொருத்தருக்கு வேணும். நடுவுல இருந்தது மாட்டு வண்டி.

ரெட்டை மாட்டு வண்டியில அரை டன், முக்கால் டன் ஏத்தலாம். ஒரு நாளைக்கு 15 மைல் போனா பெரிசு. அதிரையிலேர்ந்து பட்டுக்கோட்டை வழியா தஞ்சாவூர் கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். போக ரெண்டரை நாள், வர ரெண்டரை நாள். அத்தனை நாளும் மாட்டுக்குத் தீனி, வண்டிக்காரனுக்குச் சோறு. ஐப்பசி, கார்த்திகை வந்துட்டா பாதையெல்லாம் சேறு, அச்சு முறிஞ்சா அங்கேயே குடும்பம் நடத்த வேண்டியதுதான்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. பட்டுப்புடவை மூட்டைக்கும் உப்பு மூட்டைக்கும் வண்டிச்சத்தம் ஏறக்குறைய ஒன்னுதான். வண்டிக்கு எடைதான் கணக்கு, விலை இல்லை. பட்டுக்கு அந்தச் சத்தம் விலையில ஒட்டினது கூடத் தெரியாது. உப்புக்கு? ரெண்டு மூணு நாள் தூரம் போறதுக்குள்ள சரக்கோட விலையை வண்டிச்சத்தம் தின்னுடும். அதனால கனமான, விலை குறைஞ்ச சரக்கு எப்பவும் தண்ணி வழியாத்தான் போகும். வேதாரண்யம் உப்பு நாகப்பட்டினத்துக்குக் கால்வாயில படகேறிப் போனதுக்கும் அதுதான் காரணம். நான் வேலை பார்க்கிற துறையில இன்னிக்கும் இதுதான் அரிச்சுவடி: கிலோவுக்கு என்ன விலைன்னு பாரு, அப்புறம் எந்த வண்டின்னு முடிவு பண்ணு.

*

தஞ்சாவூருக்கு ரயில் வந்தது ரொம்பச் சீக்கிரம். லண்டன்ல 1858-ல ஆரம்பிச்ச கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி, நாகப்பட்டினம் துறைமுகத்துலேர்ந்து 1861-ல தஞ்சாவூர் வரைக்கும், 1862-ல திருச்சி வரைக்கும் பாதை போட்டுடுச்சு. அது பிராட்கேஜ், அஞ்சரை அடி அகலம். ஆமாங்க, இப்ப நாம "புதுசா வந்த பிராட்கேஜ்"னு கொண்டாடுறோமே, அது 1861-லயே தஞ்சாவூர்ல இருந்தது!

அப்புறம் என்னாச்சு? அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளுக்கு அரசாங்கம் ஒரு உத்தரவாதம் கொடுத்திருந்தது. லாபம் வந்தாலும் வராட்டியும் போட்ட முதலுக்கு வருஷம் 5 சதவீதம் வட்டி நிச்சயம். குறைஞ்சா இந்திய வரிப்பணத்துலேர்ந்து ஈடு கட்டுவாங்க. இப்படி ஒரு ஏற்பாடு இருந்தா எவன் சிக்கனமா செலவு பண்ணுவான்? பாலம் பெரிசு, ஸ்டேஷன் பெரிசு, பில்லும் பெரிசு. நட்டம் மட்டும் கஜானாவுக்கு.

இதைப் பார்த்துத்தான் வைஸ்ராய் மேயோ பிரபு காலத்துல, 1870-ல, இனிமே புதுப் பாதை எல்லாம் சின்ன அகலத்துல, ஒரு மீட்டர்ல போடலாம்னு முடிவு எடுத்தாங்க. அகலம் குறைஞ்சா மண்வேலை குறையும், தண்டவாளம் லேசா இருந்தாப் போதும், வளைவுகளைக் குறுக்கலாம், பாலத்தை ஒல்லியாக் கட்டலாம். அதே காசுக்கு நிறைய மைல் போடலாம். (இந்த மேயோ 1872-ல அந்தமான்ல ஒரு கைதியோட கத்திக்குத்துல செத்துப் போனார். அவர் எடுத்த முடிவு நூறு வருஷத்துக்கு மேல வாழ்ந்தது.)

1874-ல கிரேட் சதர்ன் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆச்சு. 1875-ல நாகப்பட்டினம் - திருச்சி பிராட்கேஜைப் பிடுங்கி மீட்டர்கேஜ் ஆக்கிட்டாங்க. 1879-ல திருச்சி - ஈரோடும் அதே கதி.

முட்டாள்தனம்னு சொல்லத் தோணுதுல்ல? எனக்கும் தோணுச்சு. ஆனா அவங்க பக்கத்து நியாயமும் இருக்கு. தெற்கே போட்டுக்கிட்டிருந்த புதுப் பாதையெல்லாம் மீட்டர்கேஜ், 1876-ல தூத்துக்குடி வரைக்கும் போயாச்சு. நடுவுல ஒரு துண்டு மட்டும் பிராட்கேஜா இருந்தா ஒவ்வொரு முனையிலயும் சரக்கை இறக்கி ஏத்தணும். எல்லாத்தையும் ஒரே அகலம் ஆக்கினா தென்னாட்டுக்குள்ள வேகனைத் திறக்காமலே சரக்கு போகும். அவங்க வீட்டுக்குள்ள கணக்கு சரிதான். தகராறு வாசல்ல. வடக்கே, மேற்கே போற மெட்ராஸ் ரயில்வே பிராட்கேஜ். ஈரோட்டுல ரெண்டும் சந்திக்கிற இடத்துல மூட்டை மூட்டையா இந்த வேகன்லேர்ந்து அந்த வேகனுக்கு மாத்தணும்.

1929-ல திருச்சி - ஈரோட்டை மறுபடி பிராட்கேஜ் ஆக்கினாங்க. அதே பாதை மூணாவது அகலத்துக்கு வந்தாச்சு. அப்பவாவது மூட்டை மாத்துறது தீர்ந்துதா? இல்லை. ஈரோட்டுல மாத்தினதை திருச்சியில மாத்த ஆரம்பிச்சாங்க. எங்க மேனேஜர் சொன்ன அதே வரி: குறைக்கலை, இடத்தை மாத்தி எழுதினாங்க :-)

*

இப்ப காலணா கதைக்கு வரேன்.

1876-லேர்ந்து 78 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம். தென்னாட்டுல லட்சக்கணக்குல ஜனங்க செத்தாங்க. அந்தப் பஞ்சம் ஒரு கொடூரமான பாடம் சொல்லிக் கொடுத்தது. ரயில் வழியா தானியம் ஸ்டேஷன் வரைக்கும் வந்து சேர்ந்துடும். அங்கேர்ந்து 20, 30 மைல் உள்ளே இருக்கிற கிராமத்துக்குப் போக மாடு வேணும். வைக்கோலும் தண்ணியும் இல்லாம மாடுதான் முதல்ல செத்துப் போச்சு. மூட்டை ஸ்டேஷன்ல, பசி ஊருக்குள்ள. கடைசிப் பத்து மைல்தான் எப்பவும் கஷ்டமானதுன்னு இப்ப ஆன்லைன்ல சாமான் விக்கிற கம்பெனிக்காரன் எல்லாம் புலம்பறான். அன்னிக்கு அதுல உயிர் போச்சு.

அந்தக் காலகட்டத்துல தஞ்சாவூர் ஜில்லாவோட உள்ளூர் நிதி போர்டு (பின்னாடி ஜில்லா போர்டு) ஒரு காரியம் பண்ணினாங்க. கம்பெனிக்காரன் வருவான், சர்க்கார் போடும்னு காத்திருக்காம, நம்ம ஜில்லாவுக்குள்ள ரயிலை நாமே போடுவோம்னு முடிவெடுத்து, நிலத் தீர்வையோட சேர்த்து ரூபாய்க்கு மூணு பை ரயில் வரி போட்டாங்க. 12 பை ஒரு அணா. ஆக மூணு பைன்னா காலணா. 100 ரூபாய் கிஸ்தி கட்டுற மிராசுதார் 100 காலணா, அதாவது 25 அணா, 1 ரூபாய் 9 அணா கூடுதலாக் கட்டணும்.

பாதை உடனே வந்துடலை. வருஷக்கணக்கா வரி சேர்ந்து, மாயவரத்துலேர்ந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியா முத்துப்பேட்டை வரைக்கும் 54 மைல் பாதை திறந்தது 1894 ஏப்ரல்ல. வரி கட்ட ஆரம்பிச்சவங்கள்ல எத்தனை பேர் அந்த ரயிலைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. இந்தியாவுல ஜில்லா போர்டு ரயில் போட்டதுல தஞ்சாவூர்தான் முன்னோடி. இதைப் பார்த்துட்டுத்தான் மெட்ராஸ் ராஜதானியில மத்த சில ஜில்லாக்களும் ரயில் வரி யோசனைக்கு வந்தாங்க.

ஒரு இன்ஜினியரா இந்தத் திட்டத்துல எனக்குப் பிடிச்சது மூணு விஷயம்.

ஒன்னு, பாதையோட அமைப்பு. வடக்கு முனை மாயவரத்துல மெட்ராஸ் மெயின் லைனைத் தொடுது. நடுவுல திருவாரூர்ல நாகப்பட்டினம் - தஞ்சாவூர் லைனை வெட்டுது. தெற்கு முனை கடலோரம். 54 மைல் போட்டு ரெண்டு பெரிய பாதையோட, ஒரு துறைமுகத்தோட, தலைநகரத்தோட ஒட்டிக்கிட்டாங்க.

ரெண்டு, வண்டி ஓட்டுறதை அவங்க கையில எடுத்துக்கலை. பாதை போர்டுக்குச் சொந்தம், ரயிலை ஓட்டினது சவுத் இந்தியன் ரயில்வே. இன்ஜின், வேகன், டிரைவர், ஒர்க்‌ஷாப்புன்னு 54 மைலுக்காகத் தனியா வாங்கி வச்சுக்கிட்டா கட்டுப்படியாகாதுன்னு தெரிஞ்சிருந்தது.

மூணு, அகலம். மீட்டர்கேஜ்தான் போட்டாங்க, அக்கம்பக்கத்துல எல்லாம் அதுதான் இருந்ததால. திருவாரூர்ல, மாயவரத்துல மூட்டை மாத்த வேண்டாம்.

1902-ல பாதை முத்துப்பேட்டையிலேர்ந்து பட்டுக்கோட்டைக்கு நீண்டது. வழியில எங்க அதிராம்பட்டினம். 1903 கடைசியில அறந்தாங்கி. ரொம்பப் பிற்பாடு காரைக்குடி.

குறையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். வரி ஜில்லா முழுக்க. கும்பகோணத்துக்காரரும் கட்டினார், வல்லத்துக்காரரும் கட்டினார். அவங்க ஊருக்கு இந்த ரயிலால என்ன பிரயோஜனம்? மிராசுதார் அந்தக் காலணாவைத் தன் மடியிலேர்ந்து கொடுத்தாரா, குத்தகைக்காரன் தலையில வச்சாரா? பண்ணையாளுக்கு ரயிலும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. அப்புறம் இன்னொன்னு. பாதை கடலோரமா வளைஞ்சு போறதால, எங்க ஊர்லேர்ந்து தஞ்சாவூருக்கு ரயில்ல போகணும்னா திருவாரூர் சுத்திப் போகணும். ரோட்டை விட கிட்டத்தட்ட ரெட்டிப்பு தூரம். பட்டுக்கோட்டை - தஞ்சாவூர் நேர்ப்பாதைங்கறது எனக்கு நினைவு தெரிஞ்சு கோரிக்கை மனுவுலயே ஓடிட்டிருக்கிற ரயில்.

*

தாத்தாவோட கணக்கு நோட்டு ஒன்னு பரண்ல இருந்தது. பொங்கல் சுத்தம் பண்ணும்போது அம்மா தூக்கிப் போடப் பார்த்து, நான் காப்பாத்தினேன். 1960கள்ல எழுதினது. கருவாட்டு வாடை இன்னும் அடிக்குது, சத்தியமா.

அதுல ஒரு பக்கம். அதிரையிலேர்ந்து கோயமுத்தூர் போற சரக்கு. வரிசையா எழுதியிருக்கார்: கோணி, கயிறு, ஸ்டேஷன் வண்டிச்சத்தம், ஏத்துக்கூலி, ரயில் சார்ஜ், திருச்சி மாத்துக்கூலி, இறக்குக்கூலி, தரகு, மகமை. கடைசியில தனியா ஒரு கோடு போட்டு "சேதாரம்".

ஸ்கூல் தாண்டாத மனுஷன். நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு, ஆபீஸ்ல ஆறு வருஷம் குப்பை கொட்டி, கடைசியில கத்துக்கிட்டதை அவர் ஒரு பக்கத்துல எழுதி வச்சிருக்கார். ரயில் சார்ஜை மட்டும் பார்க்கலை. கோணியிலேர்ந்து சேதாரம் வரைக்கும் மொத்தத்தையும் கூட்டி, அதை எடையால வகுத்து, கீழே ஒரு எண் எழுதி வட்டம் போட்டிருக்கார். அந்த ஒரு எண்ணைத்தான் ஒவ்வொரு தடவையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கார்.

நோட்டோட கடைசிப் பக்கங்கள்ல ரயில் வரி காணோம். "லாரி" வந்துடுச்சு. லாரி வாடகை ரயில் சார்ஜை விட ஜாஸ்தி, அது நோட்டுலயே தெரியுது. ஆனா ஸ்டேஷன் வண்டிச்சத்தம் இல்லை, திருச்சி மாத்துக்கூலி இல்லை, சேதாரம் பாதிக்கும் கீழே. வட்டம் போட்ட எண் சின்னதா இருக்கு. அவ்வளவுதான், தாத்தா ரயிலை விட்டுட்டார். எங்க தாத்தா மாதிரி ஊருக்கு நூறு தாத்தா.

1870-ல ஒரு மைல் பாதைக்கு மிச்சம் பிடிச்ச காசு, நூறு வருஷம் கழிச்சு திருச்சியில மாத்துக்கூலியா வந்து நிக்குது பாருங்க. நம்ம பாஷையில சொன்னா, டெட்லைனுக்காக அவசரமா எழுதின கோடு. எழுதினவன் நல்ல பேர் வாங்கிட்டுப் போயிடுவான். வட்டி கட்டுறவன் பின்னாடி வர்றவன்.

*

ரயில்வேக்கும் இது தெரியாம இல்லை. 1992-ல நாடு முழுக்க ஒரே அகலம்ங்கற திட்டம் ஆரம்பிச்சது. எங்க பக்கம் அது வந்து சேர்ந்த விதம்தான் சோகம்.

சென்னையிலேர்ந்து எங்க ஊர் வழியா காரைக்குடி போற கம்பன் எக்ஸ்பிரஸ்னு ஒரு வண்டி இருந்தது. அதிரை, பட்டுக்கோட்டை ஜனங்களுக்கு சென்னைன்னா கம்பன்தான். 2006 கடைசியில விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையை அகலமாக்க மூடினப்ப அந்த வழியே அடைஞ்சு போச்சு. அந்தப் பாதை 2010-ல திரும்பி வந்துடுச்சு. 2012-ல எங்க பாதையை மூடினாங்க. அப்ப நான் பத்தாவது. கடைசி நாள் மீட்டர்கேஜ் வண்டியைப் பார்க்கப் பசங்களோட சைக்கிள்ல போனது ஞாபகம் இருக்கு. காலேஜ் சேர்ந்து, முடிச்சு, வேலைக்கும் வந்துட்டேன். அதுவரைக்கும் ரயில் வரலை. காரைக்குடி - பட்டுக்கோட்டை 2018-ல, பட்டுக்கோட்டை - திருவாரூர் 2019-லதான் திறந்தது.

திறந்தாங்களே, அடுத்த கூத்தைக் கேளுங்க. திருவாரூர் - காரைக்குடி கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். 2019 ஜூன்ல டெமு ரயில் விட்டாங்க. வழி நெடுக லெவல் கிராசிங். கேட் கீப்பர் போட ஆள் இல்லை. என்ன பண்ணினாங்க? ரயில்லயே ஆளை ஏத்திக்கிட்டாங்க. கேட்டுக்கு முன்னாடி ரயில் நிக்கும், முன்பெட்டியிலேர்ந்து ஒருத்தர் இறங்கிப் போய் கேட்டைச் சாத்துவார். ரயில் தாண்டி நிக்கும், பின்பெட்டியிலேர்ந்து இன்னொருத்தர் இறங்கிக் கேட்டைத் திறந்துட்டு ஓடி வந்து ஏறுவார். இப்படியே ஒவ்வொரு கேட்டா. 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல. பஸ்ல போனா பாதி நேரம்.

பல வருஷம் மூடி வச்சு, கோடிக்கணக்குல கொட்டி பாதை போட்டுட்டு, கடைசியில கேட்டுச் சம்பளத்துல வந்து முட்டி நின்னாச்சு. அப்புறம் ஆள் போட்டு, நேரம் குறைஞ்சு, 2023-ல தாம்பரம் - செங்கோட்டை எக்ஸ்பிரஸ், எர்ணாகுளம் - வேளாங்கண்ணி எக்ஸ்பிரஸ்னு தூரத்து வண்டியெல்லாம் இந்தத் தடத்துல ஓட ஆரம்பிச்சுது. ஆனா அந்த முதல் வருஷம் ரயிலை விட்டுட்டு பஸ்ஸுக்குப் போன ஜனங்க எத்தனை பேர் திரும்பி வந்தாங்களோ. தாத்தா லாரிக்குப் போனவர் திரும்பவே இல்லை.

*

அகலப்பாதையால பிரயோஜனம் இல்லைன்னு யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. அறுவடை முடிஞ்சதும் தஞ்சாவூர், நீடாமங்கலம் ஸ்டேஷன் பக்கம் போய்ப் பாருங்க. நேரடி கொள்முதல் நிலையத்துல வாங்கின நெல்லை அரவைக்காக வெளி மாவட்டங்களுக்கு ஏத்திக்கிட்டிருப்பாங்க. ஒரு பிராட்கேஜ் வேகன்ல 60 டன் வாக்குல போகும். ஒரு முழு வண்டியில 42 வேகன். ஆக ஏறக்குறைய 2,500 டன். லாரிக்கு 10 டன்னுன்னு வச்சாலும் 250 லாரி. நடுவுல எங்கேயும் மூட்டையை இறக்கி ஏத்த வேண்டாம். 1875-ல பிடுங்கின அகலத்துக்கு இப்ப வந்து நிக்கறோம்.

ஆனா அந்த மூட்டை ரயில் வரைக்கும் வந்து சேரணுமே? கொள்முதல் நிலையத்துல லாரி வரலைன்னு திறந்த வெளியில அடுக்கி வச்ச நெல்லு மழையில நனைஞ்சு முளைவிட்ட படம் வருஷாவருஷம் பேப்பர்ல வருது. தாது வருஷத்துல ஸ்டேஷன்ல மூட்டை, ஊருக்குள்ள பசி. இப்ப ஊருக்குள்ள மூட்டை, ஸ்டேஷன்ல காலி வேகன். திசைதான் மாறியிருக்கு, அதே கடைசிப் பத்து மைல்.

எங்க வீட்டுக் கதையும் ஒன்னு சொல்லிடறேன். 1934-ல மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் (எங்க பக்கம் புது ஆறு) வந்தப்புறம்தான் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பச்சையாச்சு. அப்புறம் தென்னை. 2018 நவம்பர் 16, கஜா. ஒரே ராத்திரியில எங்க தோப்புல முக்கால்வாசி மரம் படுத்துடுச்சு. விழுந்த மரத்தை வித்துக் கொஞ்சம் காசாவது பார்க்கலாம்னு பார்த்தா, அறுக்குற கூலி, இழுத்து ரோட்டுக்குக் கொண்டு வர்ற செலவு, லாரி வாடகை எல்லாம் கூட்டினா மரத்தோட விலையைத் தாண்டுது. சும்மா எடுத்துக்கிட்டுப் போங்கன்னாலும் ஆள் வரலை. அப்பா தோப்புல உக்காந்து அந்தக் கணக்கை நாலஞ்சு தடவை போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அதே விடைதான். லாஜிஸ்டிக்ஸ்ங்கற வார்த்தைக்கு அர்த்தம் எனக்கு எந்தப் புத்தகத்திலயும் அந்த அளவுக்குப் புரிஞ்சதில்லை.

இப்ப புதுக் கன்னு காய்ப்புக்கு வந்துடுச்சு. அப்பா மறுபடி லோடு அனுப்பறார், லாரியிலதான். "ரயில்ல அனுப்பிப் பார்க்கலாமேப்பா?"ன்னு கேட்டேன். "ஒரு வேகன் நிறையற அளவுக்கு என்கிட்ட காய் இருந்தா நான் ஏன்டா உன்னை வேலைக்கு அனுப்பப் போறேன்"ன்னார். ஹி ஹி. அதுவும் சரிதான். பத்து யாவாரி சேர்ந்து ஒரு வேகனை நிறைக்க ஒரு ஏற்பாடு இருந்தா நிலைமை வேற. 140 வருஷத்துக்கு முன்னாடி காலணா காலணாவா சேர்த்து ஒரு ரயிலையே போட்ட ஜில்லா இது. இன்னிக்குப் பத்து பேரைச் சேர்க்க முடியலை.

லீவு முடிஞ்சு ஆபீஸ் போனதும் முதல் வேலையா அந்த "நிறைஞ்சாதான் கிளம்பும்" விதியைத் தூக்கினேன். லாரி வாடகையோட, சரக்கு காத்திருக்கிற நாளுக்கும், திரும்பி வர்ற சரக்குக்கும், இறக்குற ஓவர்டைமுக்கும் ஒரு விலை போட்டு, எல்லாத்தையும் கூட்டி ஒரே எண்ணாக் காட்டுற மாதிரி மாத்தி எழுதினேன். டீசல் செலவு கொஞ்சம் ஏறிடுச்சு. மேனேஜர் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே ரிப்போர்ட்டைப் பார்த்தார். கடைசி வரியைப் பார்த்துட்டு எதுவும் சொல்லலை. அந்த ப்ரோக்ராம்ல அந்த எண்ணைச் சுத்தி ஒரு வட்டம் வர்ற மாதிரி வச்சிருக்கேன். ஏன் வட்டம்னு யாரும் கேக்கலை.

டிஸ்கி: திருவாரூர் - காரைக்குடி மீட்டர்கேஜ்ல போனவங்க, கம்பன் எக்ஸ்பிரஸ்ல ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டவங்க, வீட்டுப் பரண்ல பழைய கணக்கு நோட்டு வச்சிருக்கிறவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. முக்கியமா, பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை நீங்களே ஏறிப் பார்த்துடுங்க.